சோற்றுக்குப் பதில் சப்பாத்தி: சுகர் ஏன் இறங்கவில்லை?

சுகர் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தவுடன் தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கும் முதல் மாற்றம், ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தியாவதுதான். டாக்டர் சொல்லியிருப்பது "சோத்தைக் குறைங்க" என்று. அது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் "சோத்துக்குப் பதிலா சப்பாத்தி" என்று மாறிவிடும். தட்டில் நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. மூன்று மாதம் நாக்கைக் கட்டி இருந்ததாக நினைத்துக்கொண்டு போய் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தால், பழைய எண்ணே திரும்ப வந்து நிற்கும். "எல்லாத்தையும் விட்டுட்டேன், அப்பவும் குறையலையே" என்ற புலம்பல் தொடங்குவது இங்கேதான்.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். வீட்டில் தேய்க்கும் நடுத்தரச் சப்பாத்தி ஒன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் மாவு போகும். அதில் மாவுச்சத்து 20 கிராம். நாலு சப்பாத்திக்கு 80. குருமாவில் ஒரு நடுத்தர உருளைக்கிழங்கு விழுந்தால் இன்னொரு 15. மொத்தம் 95 கிராம். இதற்கு முன்பு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டு கப் சோறு என்றால், ஒரு கப் 150 கிராம், அதில் மாவுச்சத்து 40 முதல் 45 கிராம் என்று வைத்தாலும் 90-ஐத் தாண்டாது. தியாகம் செய்ததாக நினைத்தவர் உண்மையில் கூடுதலாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாமே எடையில் முக்கால் பங்கையொட்டி மாவுச்சத்து கொண்டவை. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. சிறுகுடலில் அது அறுந்து, குளுக்கோஸாக ரத்தத்துக்குள் போகிறது. ரத்தத்தில் போனபின் அது தஞ்சாவூர் அரிசியிலிருந்து வந்ததா, பஞ்சாப் கோதுமையிலிருந்து வந்ததா என்று இன்சுலினைச் சுரக்கும் கணையம் விசாரிப்பதில்லை. எவ்வளவு வருகிறது, எத்தனை வேகத்தில் வருகிறது, இந்த இரண்டையும்தான் அது சமாளிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளியின் சாப்பாடு பற்றிப் பேசப்படும் அத்தனையும் கடைசியில் இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து முடியும். நம் ஊரில் இரண்டாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். முதலாவதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை.

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய இன்டியாப் ஆய்வு, 2023-இல் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. அதோடு நிற்கவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக்கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தது. நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. அன்றாடக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, பால் வழிப் புரதத்தை வைத்தபோது அபாயம் குறைந்தது. இது நோய் வருவதைப் பற்றிய ஆய்வு, வந்தபின் கட்டுப்படுத்துவதைப் பற்றியது அல்ல. ஒரே நேரத்தில் எடுத்த தகவல்களை வைத்துப் போட்ட கணக்கு என்ற வரம்பும் அதற்கு உண்டு. ஆனாலும் சப்பாத்திக் கதைக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இதனால் அரிசி நிரபராதி ஆகிவிடாது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களை, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களோடு ஒப்பிட்டார்கள். மற்ற பகுதிகளைவிடத் தெற்காசியாவில்தான் நீரிழிவு அபாயம் அதிகமாகக் கூடியது, ஏறக்குறைய 60 சதவீதம். 450 கிராம் என்றால் மேலே சொன்ன கணக்கில் மூன்று கப். மத்தியானம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சாப்பிடுகிறவருக்கு மத்தியானத்திலேயே அது முடிந்துவிடும்.

வேகம் என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-இல் கொண்டுவந்ததுதான் கிளைசெமிக் இண்டெக்ஸ். 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஒரு உணவைச் சாப்பிடச் சொல்லி, அடுத்த இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்து, வெறும் குளுக்கோஸ் குடித்தால் ஏறுவதோடு ஒப்பிடுவார்கள். குளுக்கோஸுக்கு 100. 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம். கொண்டைக்கடலை 30-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளை அரிசி, ரகத்தையும் சமைக்கும் விதத்தையும் பொறுத்து 60-இலிருந்து 90 வரை அலையும்.

பயனுள்ள அளவுகோல்தான், ஆனால் இதைத் தனியாக வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாறுவோம். தர்பூசணியின் எண் 70-ஐத் தாண்டும். அதைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. நூறு கிராம் தர்பூசணியில் இருப்பதே 7, 8 கிராம் சர்க்கரைதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். சிறிய துண்டு இரண்டு சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே சமயம் எண் குறைவு என்று பாக்கெட்டில் அச்சிட்ட அரிசியை வாங்கி மூன்று கப் சாப்பிட்டால், மெதுவாக ஏறுவதும் கடைசியில் ஏறித்தான் நிற்கும். இதனால்தான் எண்ணோடு அளவையும் பெருக்கும் 'கிளைசெமிக் லோடு' என்ற கணக்கு பிற்பாடு வந்தது.

தானியத்தின் பெயரைவிட வடிவம் முக்கியம் என்பதற்கு நம் சமையலறையிலேயே நல்ல சாட்சி கேழ்வரகு. கால்சியம், நார்ச்சத்து, இரும்பு என்று அதற்குப் புகழ் சேர்ந்து, சுகர்காரர்களுக்குக் காலையில் ராகிக் கஞ்சி என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. மில்லில் நைஸாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, கட்டியில்லாமல் கிண்டி இளஞ்சூட்டில் குடிக்கிறோம். பல்லுக்கு வேலையில்லை, வயிற்றுக்கும் பாதி வேலை முடிந்துவிட்டது. மாவுத்துகள் எவ்வளவு பொடியோ, எவ்வளவு நன்றாக வெந்து குழைந்திருக்கிறதோ, அவ்வளவு வேகமாக நொதிகள் அதை உடைக்கும். ஒரு டம்ளர் கஞ்சிக்குப் பிறகு ஏறும் சர்க்கரையைப் பார்த்து அதிர்ந்துபோய், "ராகி எனக்கு ஒத்துக்கலை" என்பார்கள். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடை தட்டி, ஒரு முட்டையோ வேர்க்கடலைச் சட்னியோ வைத்து ஒன்றரை அடையோடு நிறுத்தினால் எண் வேறு மாதிரி இருக்கும். ராகி அதே ராகிதான்.

இட்லிக்கும் இதே விதி. உளுந்து சேர்கிறது, புளிக்கிறது, எண்ணெய் இல்லை, எல்லாம் நல்லதுதான். ஆனால் அதன் உடம்பு மைய அரைத்த அரிசி. சிறிய இட்லி ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரும் ஒரு மாதிரி, ஆறு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வேறு மாதிரி. அவல், பொரி, ஜவ்வரிசி, ரவை, இன்ஸ்டன்ட் ஓட்ஸ், கார்ன்ஃப்ளேக்ஸ் எல்லாம் வேகக்காரர்கள். காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொடுக்கும் எதுவும் சுகர்காரருக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். சீக்கிரம் செரிக்கிறது என்பதுதான் அங்கே வரம், இங்கே வினை.

அரிசியை விடவே முடியாதவர்களுக்கு (நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான்) சில வழிகள் உண்டு. பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது, மாவுச்சத்தின் அமைப்பும் சற்று இறுகுகிறது. குழைய வடிப்பதைவிடப் பதமாக வடிப்பது மேல். அமைலோஸ் என்ற வகை மாவுச்சத்து அதிகமுள்ள, உதிரியாக வேகும் ரகங்கள் ஒட்டும் ரகங்களைவிட மெதுவாகச் செரிக்கும். பாரம்பரிய ரகம் என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றாது. மாப்பிள்ளைச் சம்பாவையும் மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டி வாங்கினால் தவிடு போனது போனதுதான். சிறுதானியக் கடைகளில் பளிச்சென்று இருக்கும் சாமையையும் வரகையும் இதே சந்தேகத்தோடு பார்க்கலாம்.

பழைய சோறு பற்றிக் கேட்காத ஆள் இல்லை. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, நொதிகளுக்கு எளிதில் பிடிகொடுக்காததாகிவிடும் என்பது உண்மை. இந்தோனேசியாவில் 2015-இல் அளந்து பார்த்தார்கள். புதிதாக வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இந்தச் செரிக்காத மாவுச்சத்து, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சுடவைத்தபின் 1.65 கிராம் ஆனது. சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவதும் குறைந்தது. ஆனால் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் நீரிழிவு இல்லாத 15 பேர். கூடியதும் நூறு கிராமில் ஒரு கிராம்தான், மீதி மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. பழைய சோறு நல்ல சாப்பாடு, அதில் சந்தேகமில்லை. அளவில்லாமல் சாப்பிட அது அனுமதிச் சீட்டு என்று வாட்ஸ்அப்பில் வருவதைத்தான் நம்ப வேண்டாம். சென்னை வெயிலில் சோற்றை நாள் முழுக்க வெளியே போட்டுவைத்துப் பிறகு சூடுபண்ணிச் சாப்பிடுவதும் வேண்டாம். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, சூடு காட்டினாலும் போகாது.

எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாத ஒரு மாற்றம்: சாப்பிடும் வரிசை. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அல்பனா சுக்லா குழு, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளிகள் 11 பேரை வைத்து இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டது. ஒரே சாப்பாடு, ஒரே அளவு. ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில், காயும் கோழியும் பிறகு. இன்னொரு நாள் தலைகீழ். காயையும் கோழியையும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் காரணம் தெளிவு: நாரும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், குடல் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு முன்கூட்டியே சைகை கொடுக்கும்.

வாழை இலைச் சாப்பாட்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். கூட்டு, பொரியல், அவியல், பச்சடி எல்லாம் சோறு விழுவதற்கு முன்பே இலையின் மேல்பாதியில் வந்து உட்கார்ந்திருக்கும். நாம் அதைத் தொடாமல் சோற்றுக்காகக் காத்திருந்து, பிறகு மலை மாதிரிச் சோற்றுக்கு விரல் நுனியில் பொரியலைத் தொட்டுக்கொள்கிறோம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பொரியலை இரண்டு மடங்கு வைக்கச் சொல்லி, பாதியையும் கூட்டையும் வெறுமனே சாப்பிட்டு முடித்துவிட்டு, பிறகு சோற்றில் கை வைப்பது. சோறு கேட்கும் பசி அதற்குள் கொஞ்சம் அடங்கியும் இருக்கும். பொரியல் என்று இங்கே சொல்வது அவரை, கொத்தவரை, புடலை, கத்தரி, கோஸ், கீரை வகையறா. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி வறுவல்கள் காய் வேடம் போட்ட சோறு.

தட்டில் பாதி காய், கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வதை எல்லா ஆஸ்பத்திரிகளும் படமாக மாட்டி வைத்திருக்கின்றன. அதில் நமக்கு உண்மையாகவே இடிக்கும் இடம் அந்தக் கால் பங்கு புரதம். சைவச் சாப்பாட்டில் "அதான் சாம்பார் இருக்கே" என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் 10 கிராம் துவரம்பருப்பு இருந்தால் அதிகம், அதில் புரதம் 2 கிராமைச் சற்றுத் தாண்டும். ரசத்தில் அதுவும் இல்லை. வேளைக்கு 15, 20 கிராம் புரதம் வேண்டுமென்றால் சாம்பாரை நம்பிப் பயனில்லை. கெட்டியாகக் கடைந்த பருப்பு, பாசிப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, தயிர், பன்னீர் என்று தனியாகத் தட்டில் தெரிய வேண்டும். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்யும் சுண்டல், சாயங்காலம் டீயோடு போகும் பிஸ்கெட்டுக்கு மிகச் சரியான மாற்று. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை எளிது. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், மத்தி மீனும் நெத்திலியும் விலையும் மலிவு. பிரியாணியில் கிடக்கும் ஒரு துண்டுக் கோழியைக் காட்டிப் புரதம் என்று சொல்லாமல் இருந்தால் சரி.

பிரியாணி, பரோட்டா பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எண்ணெயும் நெய்யும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். இதனால் பரோட்டா சால்னா சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் ஓரளவு யோக்கியமாக இருக்கும். நாலு மணி நேரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டவருக்கு மறுநாள் காலை வெறும் வயிற்றிலும் அதன் மிச்சம் தெரியலாம். "நைட்டு பரோட்டா சாப்பிட்டும் நார்மல்தான்" என்று குளுக்கோமீட்டரைக் காட்டுபவர்கள் இன்னொரு முறை குத்திப் பார்க்க வேண்டும்.

இனிப்புகளில் சொல்ல அதிகமில்லை. வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றுள் தாதுச் சத்தில் சின்ன வித்தியாசம் உண்டு, ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே குடும்பம். கருப்பட்டிக் காபி சுகரைக் குறைக்கும் என்பது வியாபாரம். நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 25 முதல் 30 கிராம் சர்க்கரை. இதை நிறுத்துவது, சோற்றில் கை வைப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம்: ஒரு கொய்யா, ஒரு சிறிய ஆரஞ்சு, நாலைந்து துண்டு பப்பாளி. ஜூஸாக்கினால் மூன்று பழம் ஒரு டம்ளருக்குள் போய் நார் சக்கையில் நின்றுவிடும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கெட்டில் சர்க்கரை இல்லை, சரி. மைதா இருக்கிறதே.

பாகற்காய், ஆவாரம்பூ, சர்க்கரைக்கொல்லி, வெந்தயம் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது. வெந்தயத்தின் வழவழப்பான நார் சர்க்கரை உறிஞ்சப்படுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதற்கு அடிப்படை உண்டு. பாகற்காய் பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, நீரிழிவுக்கு அது உதவுகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பதுதான் ஆபத்து.

பொதுவான பட்டியல்கள் ஒரு இடம் வரைக்கும்தான் கூட வரும். ஒரே இட்லி இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஏற்றும். அதனால் குளுக்கோமீட்டரை டாக்டருக்குக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளாமல், சமையலறைக் கருவியாகவும் பயன்படுத்தலாம். சாப்பிட உட்காரும்போது ஒரு முறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. முன் எண்ணும் பின் எண்ணும் அருகருகே இருந்தால்தான் அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது தெரியும். 180-க்குள் நிற்கிறதா என்பது பெரும்பாலானவர்களுக்கான பொதுவான எல்லை. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் வேறு எல்லை வைப்பார். இரண்டு இட்லியோடு ஒரு நாள், ராகி அடையோடு ஒரு நாள், அரைக் கப் சோறும் இரட்டைப் பொரியலுமாக ஒரு நாள் என்று பார்த்து எழுதி வைத்தால், எந்த நிபுணரும் கொடுக்க முடியாத பட்டியல் ஒன்று கையில் இருக்கும். சாப்பிட்ட கையோடு 15 நிமிடம் நடந்த நாளையும் நடக்காத நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

மாவுச்சத்தைக் கணிசமாகக் குறைக்கப் போகிறவர்கள், குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களின் மருந்தளவு, பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி போட்டது. சோறு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் லோ சுகர் வரும். 70-க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், சர்க்கரை எண் அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் அவசரநிலை வரக்கூடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, மேலே புரதம் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் பருப்பின் அளவையும் கீரையின் அளவையும் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.